முழங்கால் வலிக்கும்போது காலுக்கு வேலை கொடுக்கலாமா?

தெற்குக் கொல்கத்தாவின் டாலிகஞ்சில், வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் முழங்கால் வலிக்கு இரண்டு யோசனைகள் கிடைக்கும். "படி ஏறாதே, காலுக்கு ஓய்வு கொடு" என்பது ஒன்று. "உட்கார்ந்தே இருந்தால் கால் மடங்காமல் போய்விடும், எழுந்து நட" என்பது மற்றொன்று. கடுகெண்ணெயில் பூண்டைக் காய்ச்சி முட்டியில் தேய்ப்பது வரை இரண்டு தரப்பும் ஒத்துப்போகும். அதற்கு மேல் ஒத்துப்போவதில்லை. மருத்துவ உலகமும் ஒன்றரை நூற்றாண்டாக இதே கேள்வியைத்தான் சுற்றிவந்திருக்கிறது. வலிக்கிற மூட்டுக்கு ஓய்வா, வேலையா? வேலைதான் என்றால் எந்த வேலை, எவ்வளவு, யார் மேற்பார்வையில்?

இந்தக் கேள்வி டாலிகஞ்சில் ஏட்டுக் கேள்வி அல்ல. தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் இங்கும் சுற்றுப்புறத்திலும் நேதாஜி நகர், ஆசாத்கர், விஜய்கர் என்று குடியிருப்புகளை எழுப்பினார்கள். அந்தச் சிறு வீடுகளில் பல பின்னாளில் மூன்று, நான்கு மாடிக் கட்டடங்களாயின. பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. சமையலறையில் 'போட்டி' என்னும் அரிவாள்மணை இருக்கும். குத்துக்காலிட்டு அமர்ந்து, அதன் அடிப்பலகையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் மீனும் காயும் நறுக்க வேண்டும். பூஜை அறையில் தரையில் அமர வேண்டும். அருகில் லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பழகிய வாழ்க்கைதான். முழங்காலை முழுக்க மடக்கி, மறுபடி எழுந்து, படி ஏறி இறங்கியே அன்றாடம் நகர்கிறது.

எத்தனை பேருக்கு இந்தத் தொல்லை? 2016-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆர்த்தோபெடிக்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, கொல்கத்தா, ஆக்ரா, பெங்களூரு, டேராடூன், புனே ஆகிய ஐந்து நகரங்களையும் அவற்றை ஒட்டிய ஊர்களையும் எடுத்துக்கொண்டு, 40 வயதைக் கடந்த சுமார் 5,000 பேரைப் பார்த்தது. 28.7 விழுக்காட்டினருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. பெண்களிடமும், எடை கூடியவர்களிடமும், உடலசைவு குறைந்தவர்களிடமும் அது அதிகம்.

ஓய்வே மருந்து என்ற காலம்

ஓய்வுக் கட்சிக்கு வலுவான முன்னோர்கள் உண்டு. லண்டன் கைஸ் மருத்துவமனையின் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை நிகழ்த்திய சொற்பொழிவுகள், வலியும் ஓய்வும் பற்றிய புகழ்பெற்ற நூலாக 1863-இல் வந்தன. வலி என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை, ஓய்வே இயற்கையின் சிகிச்சை என்பது அவர் வாதம். லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் இதை இன்னும் தீவிரமாக்கினார். மூட்டை அசையவிடாமல், இடைவிடாமல், நீண்ட காலம் கட்டிவைக்க வேண்டும் என்றார். அதற்காக அவர் அமைத்த இரும்புச் சட்டம் இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது.

அவர்களைக் குறைசொல்வது நியாயமாகாது. அக்காலத்தில் அவர்கள் முன் வந்த முழங்கால்களில் கணிசமானவை காசநோய் தாக்கியவை, சீழ் பிடித்தவை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத உலகில் அப்படிப்பட்ட மூட்டை அசைப்பது ஆபத்து. தவறு பிறகுதான் நேர்ந்தது. தொற்றுக்குச் சரியாக இருந்த விதியை, வயதாகித் தேய்ந்த மூட்டுக்கும் அப்படியே பொருத்திவிட்டார்கள். பாரிஸில் லூகா-ஷாம்பியோனியேர் போன்றோர் எலும்பு முறிவுக்குக்கூடச் சீக்கிரமாக அசைவு வேண்டும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே வாதாடினார்கள். அந்தக் குரல் மெல்லத்தான் எடுபட்டது.

ஓய்வின் பலவீனம் இன்று தெளிவாகத் தெரியும். அசையாத காலில் தொடைத் தசை சில வாரங்களிலேயே இளைக்கும். இளைத்த தசையோடு எழுந்து நடந்தால் மூட்டு இன்னும் வலிக்கும். வலிக்கிறதே என்று மறுபடி உட்கார்ந்தால் தசை இன்னும் இளைக்கும். "காலுக்கு ஓய்வு கொடு" என்று அன்போடு சொல்லும் வீடுகள், தெரியாமலே காலை இந்தச் சுழலுக்குள் தள்ளிவிடுகின்றன.

தொடைத் தசையைக் கண்டுகொண்டவர்கள்

மறுதரப்பு வாதம் போர்க்காலத்தில் உருப்பெற்றது. தாமஸ் டெலார்ம் என்ற இளம் மருத்துவர், சிகாகோவின் கார்டினர் ராணுவ மருத்துவமனையில் முழங்காலில் காயம்பட்ட வீரர்களுக்குக் கனமான எடைகளைக் கொடுத்துத் தொடைத் தசையை வளர்த்தார். 1945-இல் அதைப் பற்றி எழுதினார். பத்து முறை மட்டுமே தூக்கக்கூடிய எடை எது என்று அளந்து, அதை வாரந்தோறும் கூட்டும் அவர் முறைதான் இன்றைய பயிற்சி அட்டவணைகள் பலவற்றுக்கு வேர்.

தசை ஏன் சோர்கிறது என்பதற்கு 1965-இல் வந்த ஒரு சோதனை எதிர்பாராத விடை தந்தது. டிஆண்ட்ரேடும் சக ஆய்வாளர்களும் முழங்கால் மூட்டுக்குள் திரவத்தைச் செலுத்தி அதை வீங்கச் செய்தார்கள். உடனே தொடையின் முன்தசை சரிவர இறுகாமல் போனது. வீங்கிய மூட்டிலிருந்து கிளம்பும் நரம்புச் சமிக்ஞை தசையை அடக்கிவைக்கிறது. முட்டி வலிக்காரர்கள் "கால் திடீரென்று வழுக்கிவிடுகிறது, பிடிமானமே இல்லை" என்று சொல்வதன் காரணங்களில் ஒன்று இது. சோம்பலோ முதுமையோ மட்டும் காரணமல்ல. வீக்கம் இருக்கும் நாளில் எவ்வளவு முயன்றாலும் தசை முழுப் பலத்தைக் காட்டாது என்பதையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

1997-இல் இரண்டு ஆய்வுகள் ஒரே ஆண்டில் வந்தன. இண்டியானாவில் ஸ்லெமெண்டாவின் குழு, எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தும் வலியே இல்லாத முதியவர்களிடமும் தொடைத் தசை நலிந்திருப்பதைக் கண்டது. அப்படியென்றால் தசை நலிவு வலியின் விளைவு மட்டுமல்ல, அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். அமெரிக்காவில் 60 வயதைக் கடந்த 439 பேரை வைத்து நடந்த இன்னொரு ஆய்வில், நடைப்பயிற்சி செய்தவர்களும் எடைப்பயிற்சி செய்தவர்களும் 18 மாத முடிவில், வெறும் சுகாதாரப் பாடம் கேட்டவர்களைவிட வலி குறைந்து, ஓரளவு நன்றாக இயங்கினார்கள்.

உடல் வலுவைப் பொறுத்தவரை கொல்கத்தா யாரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. விஷ்ணு சரண் கோஷ் 1923-இல் இங்கே உடற்பயிற்சிக் கல்லூரி தொடங்கினார். 1951-இல் மனோதோஷ் ராயும் 1952-இல் மனோகர் ஆய்ச்சும் தங்கள் பிரிவுகளில் மிஸ்டர் யுனிவர்ஸ் பட்டம் வென்றார்கள். நூறு வயதைக் கடந்து வாழ்ந்த ஆய்ச் 2016-இல் மறைந்தார். நம் ஊர்த் தண்டால், பஸ்கிக்கு இணையான 'டன்-பைட்டக்' வங்க இளைஞர்களின் அன்றாடமாக இருந்தது. ஆனால் இந்தச் செல்வம் அகாடா என்னும் பயிற்சிக் கூடத்தின் வாசலைத் தாண்டவில்லை. முழங்கால் வலியின் பெரும் சுமையைத் தாங்கியவர்கள் அடுக்களையில் இருந்த பெண்கள். அவர்களுக்கு யாரும் பைட்டக் கற்றுத்தரவில்லை. வலுப்பயிற்சி என்பது இளைஞனின் மார்புக்கும் தோளுக்கும் உரியது என்ற எண்ணம் இன்றும் ஜிம் விளம்பரங்களில் தொடர்கிறது. எழுபது வயதுப் பெண்ணின் தொடைக்குத்தான் அது மிக அவசரமாக வேண்டும்.

யோகா, தாய் சீ, எண்ணெய்

மூன்றாவது தரப்பு, தசையைத் தனியே பிரித்துப் பார்ப்பதையே ஏற்காது. உடல், மூச்சு, மனம் மூன்றும் சேர்ந்து தளர்ந்தால்தான் வலி தணியும் என்பார்கள். கோஷின் கல்லூரி, வந்தவரின் உடலைப் பார்த்து ஆளுக்கேற்ற ஆசனப் பட்டியலை எழுதிக் கொடுத்ததற்குப் பெயர்பெற்றது. அவருடைய மாணவர் விக்ரம் சௌத்ரி, எடை தூக்கும்போது நொறுங்கிய தன் முழங்காலை கோஷ் ஆறே மாதத்தில் குணமாக்கினார் என்று சொல்லிவந்தார். அது அவரே சொன்ன கதை. ஒருவரின் கூற்றை வைத்து ஒரு முறையை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது.

சான்றுகள் வேறு இடங்களில் உள்ளன. பெங்களூரில் ஜான் எப்னேசரும் நாகரத்னாவும் 250 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான பிசியோதெரபியோடு யோகாவையும் சேர்த்தவர்கள் கூடுதல் பயன் பெற்றார்கள். அமெரிக்காவில் 2016-இல் வந்த ஆய்வு 204 பேரிடம் சீனத்து உடற்பயிற்சி முறையான தாய் சீயையும் பிசியோதெரபியையும் ஒப்பிட்டது. இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. 2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வில், வலுப்பயிற்சிக்கு யோகா சளைத்ததில்லை என்று தெரிந்தது.

இந்தத் தரப்பின் பலவீனம், எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாதது. ஆசிரியரின் கவனிப்பா, குழுவாகச் செய்யும் உற்சாகமா, மெல்ல மடங்கி எழுவதில் தசைக்குக் கிடைத்த வேலையா? இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. வஜ்ராசனமும் பத்மாசனமும் முழங்காலை முழுக்க மடக்கி, முறுக்கவும் செய்பவை. வலிக்கும் முட்டிக்கு அவற்றிலிருந்து தொடங்குவது சரியல்ல. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆசனங்களிலிருந்து தொடங்கலாம்.

சித்த மருத்துவம் அழல் கீல்வாயு என்றும் ஆயுர்வேதம் சந்திகத வாதம் என்றும் இந்நோயை நெடுங்காலமாக அறியும். தைலமும் ஒத்தடமும் பலருக்கு இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அந்தத் தளர்ச்சியைப் பயன்படுத்தி உடனே பயிற்சியில் இறங்கலாம். தைலம் தசையை வளர்க்கும் என்பதற்கு மட்டும் நல்ல சான்று இல்லை.

எடையும் கத்தியும்

முதலில் எடையைக் குறை என்போர் கையிலும் எண்கள் இருக்கின்றன. ஸ்டீபன் மெஸ்ஸியரின் குழு 2005-இல் கணக்கிட்டபடி, உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீது விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது. அதே குழு 2013-இல் 454 பேரிடம் நடத்திய ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டையும் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களே அதிகம் தேறினார்கள். ஆனால் பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். சோறும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டு, பருப்பையும் மீனையும் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிடும் அம்மாக்களுக்கு இந்த யோசனையை அரைகுறையாகச் சொல்வது தீங்காகவே முடியலாம்.

அறுவை சிகிச்சை இந்தியாவில் அச்சம் நீங்கி ஏற்கப்பட்டதில் பிரதமர் வாஜ்பாய்க்கு 2000-இலும் 2001-இலும் மும்பையில் சித்தரஞ்சன் ரணாவத் செய்த முழங்கால் மாற்றுக்குப் பங்குண்டு. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு விதித்தது செலவையும் குறைத்தது. என்றாலும் அறுவை முடிந்த ஒரு மாதத்தில் தொடை முன்தசையின் வலு சராசரியாக 62 விழுக்காடு வீழ்வதை 2005-இல் மிஸ்னரின் குழு அளந்தது. கத்தியை ஏற்றாலும் மறுத்தாலும் தசை வேலையிலிருந்து தப்ப வழியில்லை.

உறுதியைக் குலைத்த ஆய்வுகள்

"தொடைத் தசையை வலுவாக்கு, வலி போய்விடும்" என்ற எளிய நம்பிக்கை கடந்த இருபது ஆண்டுகளில் பல அடிகளை வாங்கியிருக்கிறது. பயிற்சிக்கு ஆதரவானவர்கள் இவற்றை வேகமாகத் தாண்டிச் செல்கிறார்கள். நின்று பார்க்க வேண்டியவை இவை.

முதல் அடி 2003-இல் விழுந்தது. சிகாகோவில் லீனா ஷர்மாவின் குழு, கால் வளைந்து மூட்டின் நேர்கோடு விலகியவர்களைத் தனியே பார்த்தது. அவர்களில் தொடை முன்தசை வலுவானவர்களுக்குத் தேய்மானம் வேகமாக முன்னேறியிருந்தது. நேராக இல்லாத மூட்டை வலுவான தசை இறுக்கும்போது, ஏற்கெனவே தேய்ந்த பக்கமே கூடுதலாக நசுங்கலாம் என்பது ஒரு விளக்கம். இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், பயிற்சி கொடுத்துப் பார்த்ததல்ல. பயிற்சி கொடுத்தும் ஒருவர் பார்த்தார். 2008-இல் மெல்போர்னில் லிம் நடத்திய ஆய்வில் 107 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் வீட்டிலேயே 12 வாரம் தொடைப் பயிற்சி செய்தார்கள். கால் நேராக இருந்தவர்களுக்கு வலி குறைந்தது. வளைந்திருந்தவர்களுக்குக் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. அதே சமயம் இரு தரப்பிலும் தேய்ந்த பக்கத்துச் சுமை கூடவுமில்லை. முட்டிகளுக்கிடையே இடைவெளி விழுந்து வில்போல் வளைந்த கால்கள் நம் வயதான பெண்களிடையே அரிதல்ல என்பதால், இந்த முடிவு இங்கே அதிகம் பேசப்பட வேண்டும்.

அடுத்தது 2021. டெலார்ம் வழியில், கனமான எடையே சிறந்தது என்று நிரூபிக்க மெஸ்ஸியர் குழு 377 பேரோடு 18 மாதம் உழைத்தது. கடும் எடைப்பயிற்சி ஒரு குழுவுக்கு, லேசானது இன்னொன்றுக்கு, மூன்றாவதற்குப் பயிலரங்கு மட்டும். முடிவில் வலியிலும் மூட்டுச் சுமையிலும் மூன்று குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் பாண்டாக் குழுவின் ஆய்வு இன்னும் சங்கடமானது. 206 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரப் பயிற்சி, மற்றவர்களுக்கு மூட்டில் வெறும் உப்புநீர் ஊசி. அது உப்புநீர்தான் என்று சொல்லியே போட்டார்கள். ஒன்பதாவது வாரத்தில் இரு தரப்பும் ஒரே அளவு தேறியிருந்தது.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் தொகுப்பாய்வுகளிலும் குரல் தணிந்திருக்கிறது. 2015-இல் வந்தது, சுழியிலிருந்து நூறு வரையிலான வலி அளவுகோலில் பயிற்சி சுமார் 12 புள்ளிகளைக் குறைப்பதாகச் சொன்னது. 139 ஆய்வுகளையும் 12,468 பேரையும் உள்ளடக்கி 2024-இல் வந்த புதிய பதிப்பில், போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டபோது அது 9 புள்ளிகளுக்கும் சற்றுக் குறைவு. பயன் உண்டு, ஆனால் நோயாளி அதைப் பெரிதாக உணர்வாரா என்பது உறுதியில்லை என்கிறது அந்தப் பதிப்பு.

அப்படியானால் பயிற்சியைக் கைவிடலாமா? இந்த முடிவுகளிலிருந்து அப்படிப் பொருள் கொள்வது அவசரம். இவை முதன்மையாக அளந்தது வலியையும் மூட்டுச் சுமையையும் தேய்மானத்தையும். கால் வலுவைப் பயிற்சி கூட்டவில்லை என்று இவை சொல்லவில்லை. வலுவுக்கு வலியைத் தாண்டிய மதிப்பு உண்டு. நியூசிலாந்தின் டனீடனில் 80 வயதைக் கடந்த 233 பெண்களிடம் நடந்து 1997-இல் வெளியான ஆய்வில், பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து கணுக்கால் எடைகளோடு கால் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் கற்றுத் தந்தார். ஓராண்டில் பயிற்சி செய்யாதோர் தரப்பில் 152 முறை விழுந்தார்கள். செய்தவர்கள் தரப்பில் 88 முறை. அது முழங்கால் வலிக்காரர்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஆய்வல்ல. ஆனால் குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பாட்டியைப் பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் அந்த எண்களின் பொருள் புரியும். பயிற்சியை வலிநிவாரணியாக விற்றதுதான் பிழை. வலி கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது அப்போதும் கைகூடும்.

மருத்துவமனை வாசலும் வீட்டுத் தரையும்

டாலிகஞ்சிலேயே எம்.ஆர். பாங்கூர் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்குப் போய்வருவது முட்டி வலிக்காரருக்கு எளிதல்ல, மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் தேங்கும் நாட்களில் சொல்லவே வேண்டாம். ஆகவே வீட்டில் செய்வது மருத்துவமனையில் செய்வதற்கு ஈடாகுமா என்பது தனிக் கேள்வி.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பகுதியில் 786 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2002-இல் வந்த ஆய்வு, வீட்டுப் பயிற்சி வலியை மிதமாகக் குறைப்பதைக் காட்டியது. விடாமல் செய்தவர்களுக்குப் பயன் அதிகம். மாதந்தோறும் தொலைபேசியில் விசாரிப்பது மட்டும் பலன் தரவில்லை. 2005-இல் அமெரிக்காவில் டெய்ல் 134 பேரிடம் செய்த ஒப்பீட்டில், நான்கு வாரத்தில் மருத்துவமனைக் குழு தெளிவாக முந்தியது. ஓராண்டு கழித்து இரு குழுவும் சமமாகிவிட்டன. நேரில் ஒருவர் கற்றுக்கொடுத்தால் தொடக்கம் வேகமாக அமைகிறது, பிறகு தொடர்வதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இதைப் படிக்கலாம்.

எந்த அசைவு எவ்வளவு சுமை என்பதற்கு நேரடி அளவீடு ஒன்று உண்டு. பெர்லின் ஷாரிட்டே மருத்துவமனையில், அளவுக்கருவி பதித்த செயற்கை மூட்டுகளை ஐந்து பேருக்குப் பொருத்தி 2010-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரு காலில் சும்மா நின்றால் முழங்கால் மீது உடல் எடையில் 107 விழுக்காடு. சமதளத்தில் நடந்தால் 261. நாற்காலியிலிருந்து எழ 246, அமர 225. படியேற 316. படியிறங்க 346. ஐந்து பேரின் அளவுதான், என்றாலும் பயனுள்ளது. நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வதில் மூட்டின் மீது விழும் சுமை, நடப்பதைவிட அதிகமில்லை. கடைத்தெருவுக்கு நடந்து போய்வரும் ஒருவர் இந்தப் பயிற்சிக்குப் பயப்படக் காரணம் குறைவு. முட்டிச் சில்லின் பின்புறம் வலிப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. முழங்கால் அதிகம் மடங்க மடங்க அங்கே அழுத்தம் ஏறும். அவர்கள் நாற்காலியில் தலையணையோ மடித்த போர்வையோ போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்குத் தரும் பயிற்சிகள் எங்கும் ஏறத்தாழ ஒன்றே. காலை நீட்டி, முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடையை இறுக்குவது. வீக்கம் உள்ள நாட்களிலும் இதைச் செய்யலாம். மல்லாந்து படுத்து, மடக்கிய கால்களை ஊன்றி இடுப்பை உயர்த்துவது. ஒருக்களித்துப் படுத்து மேற்காலைத் தூக்குவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து அமர்வது, கைப்பிடியைப் பற்றி ஒரே ஒரு படியில் ஏறி இறங்குவது. இடுப்புத் தசைகளை வலுவாக்கினாலும் முழங்கால் வலி குறைவதை மெல்போர்னில் கிம் பென்னெல்லின் குழு 2010-இல் காட்டியிருப்பதால், தொடையோடு நிறுத்திவிடத் தேவையில்லை. எட்டு, பத்து முறை செய்ததும் தசை களைக்க வேண்டும். களைக்காத பயிற்சி வலுவைத் தராது. வீட்டுப் பயிற்சிகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். முதல் வாரம் கொடுத்த அதே பத்து முறையை ஆறு மாதத்துக்குப் பிறகும் செய்துகொண்டிருப்பார்கள். பயிற்சித் தாள் மாறாது, தசையும் மாறாது.

செய்யும்போது வலித்தால்? சுவீடனில் ரோலாண்ட் தொமே 1997-இல் முன்வைத்த விதி இன்று பரவலாகப் பின்பற்றப்படுகிறது. பத்துக்கு இரண்டு வரை வலி பாதுகாப்பு, ஐந்து வரை ஏற்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. பிரிட்டனின் 2022 வழிகாட்டுதலும், தொடக்கத்தில் வலி சற்றுக் கூடலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடச் சொல்கிறது. முட்டி சூடாகிச் சிவந்து காய்ச்சலும் சேர்ந்தால், மூட்டு பூட்டிக்கொண்டால், கெண்டைக்காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தால், அது பயிற்சிக்கான நேரமல்ல. மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்.

தரையில் அமரலாமா?

கொல்கத்தா மருத்துவர்களும் சென்னை மருத்துவர்களும் ஒரே குரலில் சொல்வது, "தரையில் உட்காராதீர்கள், இந்தியக் கழிப்பறையைத் தவிருங்கள்." இதற்குப் பெய்ஜிங்கிலிருந்து ஆதரவு உண்டு. அங்கே முதியவர்களிடம் 25 வயதில் தினமும் எவ்வளவு நேரம் குத்துக்காலிட்டார்கள் என்று கேட்டு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று மணி நேரத்துக்கு மேல் அமர்ந்தவர்களுக்கு முழங்கால் தேய்மானத்தின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் அது பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பழக்கத்தை நினைவிலிருந்து சொன்ன கணக்கு. நாளுக்கு மூன்று மணி நேரமும் பூஜைக்காக அமரும் பத்து நிமிடமும் ஒன்றல்ல. அரிவாள்மணையை மேடைக்கு மாற்றுவது புத்திசாலித்தனம்தான். தரையை அடியோடு கைவிட்டவர் ஒருநாள் தவறி விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாமல் தவிப்பார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மடக்கும் திறன் மிச்சமிருப்பவருக்கு, கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரைக்கு இறங்கி எழுவதையே ஒரு பயிற்சியாக்குவது பொருத்தமாகத் தோன்றுகிறது. கடும் வீக்கமும் வலியும் உள்ளவருக்கு இது பொருந்தாது.

முடியாத கணக்கு

ஓய்வா, வேலையா என்ற பழைய கேள்வியில் தீர்ப்பு வேலையின் பக்கம் சாய்ந்துவிட்டது. மிதமான பயிற்சி மூட்டின் குருத்தெலும்பைக் கெடுக்கிறது என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. எந்தப் பயிற்சி என்ற கேள்வியில், ஒன்று மற்றதை வென்றதாகச் சொல்ல இயலாது. கனமான எடைக்கு முந்தைய பெருமை இல்லை. யோகாவும் தாய் சீயும் நடையும் வலுப்பயிற்சியும் வலியைப் பொறுத்தவரை ஏறத்தாழ அருகருகே நிற்கின்றன. ஒருவர் எதை விடாமல் செய்வாரோ அதைக் கொடுப்பதே இப்போதைக்கு நியாயம். கால் வளைந்தவர்களுக்கு எந்தப் பயிற்சி, எந்த அளவில் என்பது திறந்தே இருக்கிறது.

அளவுகோலும் மாற வேண்டும். மூட்டுத் தேய்மானத்தின் தொல்லையை அளக்க உலகெங்கும் பயன்படும் வோமாக் வினாத்தாள் காரில் ஏறி இறங்குவதையும் குளியல் தொட்டியையும் பற்றிக் கேட்கும். புனேயின் வாதநோய் மையத்தில் அர்விந்த் சோப்ராவின் குழு, குத்துக்காலிடுவது போன்ற இந்திய அசைவுகளைச் சேர்த்து அதைத் திருத்தியமைத்தது. அந்த வழியில் இன்னும் ஓரடி வைத்து, வலிப் புள்ளிகளோடு, முப்பது நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது, மூன்றாம் மாடி ஏற எவ்வளவு நேரமாகிறது, ஓராண்டில் எத்தனை முறை விழுந்தார் என்பவற்றையும் முதன்மை முடிவுகளாக எடுத்துக்கொண்டால் பயிற்சி பற்றிய மதிப்பீடு வேறாக வரக்கூடும். வட்டாரச் சுகாதாரப் பணியாளர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து, பயிற்சித் தாளைத் திருத்தி, அடுத்த மாதத்துக்கான கனத்தைக் கூட்டிக் கொடுத்தால் டாலிகஞ்சின் லிஃப்ட் இல்லாத மாடிகளில் எத்தனை பேர் ஓராண்டு தொடர்வார்கள் என்பதைச் செலவு குறைவாகவே சோதித்துப் பார்த்துவிடலாம்.